பதிவு பிறகு, முதலில் ஒரு லாரி மக்காச்சோளம்

கேள்வி கேட்ட தம்பி மதுரை மாவட்டம் டி.கல்லுப்பட்டிப் பக்கத்துக்காரர். ஊரில் நாற்பது சம்சாரிகள், ஆளுக்கு இரண்டு மூன்று ஏக்கர் மானாவாரிக் கரிசல். மக்காச்சோளம், பருத்தி, கொஞ்சம் குதிரைவாலி போடுகிறார்கள். உற்பத்தியாளர் நிறுவனம், அதாவது விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து பதியும் கம்பெனி, ஆரம்பித்தால் மானியம் கிடைக்கும் என்று யாரோ வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். கூட்டுறவுச் சங்கமாகப் பதிவதா, நிறுவனமாகப் பதிவதா என்பது அவர் கேள்வி. முன்பு ஒரு குழு தொடங்கி இரண்டு வருடத்தில் கலைந்துபோனதால் பெரியவர்கள் பிடி கொடுக்க மறுக்கிறார்களாம்.

தம்பி, அந்தப் பெரியவர்கள் தயங்குவது சரிதான். அவர்களிடம் பேசிப் பேசிக் கையெழுத்து வாங்குவதைவிட, போன குழு எதற்காகக் கூடியது என்று உட்கார்ந்து கேளுங்கள். அநேகமாக ஒரு மானியத்துக்காக என்றுதான் பதில் வரும். மானியத்துக்காகக் கூடியவர்கள் அது கிடைத்ததும் கலைவார்கள், கிடைக்காது என்று தெரிந்தாலும் கலைவார்கள். தனியாகச் செய்தால் நட்டமும் சேர்ந்து செய்தால் லாபமும் தருகிற ஒரே ஒரு வேலை கையில் இருக்கும் குழுதான் நிற்கும். அந்த வேலையைக் கண்டுபிடிக்கும் முன்னால் எந்தச் சட்டத்தில் பதிவது என்று பேசுவது வீண்.

2017-18இல் தமிழக அரசு கூட்டுப்பண்ணையத் திட்டம் கொண்டுவந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இருபது பேர் ஓர் உழவர் ஆர்வலர் குழு, அப்படி ஐந்து குழு சேர்ந்து நூறு பேர் கொண்ட உற்பத்தியாளர் குழு. ஒவ்வொரு உற்பத்தியாளர் குழுவுக்கும் கருவி வாங்க 5 லட்ச ரூபாய். நல்ல ஏற்பாடு. ரோட்டவேட்டரும் பவர் டில்லரும் ஊருக்குள் வந்தன. சாவி யாரிடம், மணிக்கு என்ன வாடகை, டீசல் யார் போடுவது, பல் உடைந்தால் யார் செலவு என்பதையெல்லாம் கருவி வருவதற்கு முன்பே எழுதி வைத்த ஊர்களில் அது ஓடுகிறது. எழுதி வைக்காத ஊர்களில் யாராவது ஒருவர் வீட்டு வாசலில் துருப்பிடிக்கிறது, அல்லது அவருடைய சொந்தக் கருவியாகவே ஆகிவிடுகிறது.

சரி, சேர்ந்து செய்ய வேண்டிய அந்த வேலை எது? அதற்கு முதலில் உங்கள் ஊருக்கு வரும் வியாபாரியைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். வியாபாரியைத் திட்டுவதில் ஆரம்பிக்கும் விவசாயிகள் கூட்டங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கைதட்டல் நன்றாக விழும். அடுத்த மாசியில் கை தட்டிய அத்தனை பேரும் அதே வியாபாரியிடம்தான் மூட்டை போடுவார்கள். ஏனென்றால் அவர் செய்யும் காரியங்கள் அப்படி. புரட்டாசியில் விதைக்கும் உரத்துக்கும் கடன் கொடுக்கிறார். வீட்டில் ஒரு சாவு, ஓர் ஆஸ்பத்திரிச் செலவு என்றால் ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினாலும் கைமாற்றுத் தருகிறார். அறுவடை மெஷின் பேசி விடுகிறார், சாக்கு தருகிறார், களத்துக்கே வண்டி அனுப்புகிறார், எடை போட்ட அன்றே காசு எண்ணி வைக்கிறார். வாங்கியபின் விலை இறங்கினால் அந்த அடி அவருக்கு. இத்தனைக்கும் சேர்த்துத்தான் விலையில் குறைக்கிறார், எடையில் கழிக்கிறார். இந்த எல்லாச் சுமையையும் நாற்பது பேர் கொண்ட குழு முதல் வருடமே தலையில் தூக்கி வைத்துக்கொண்டால் முதுகு முறிந்துவிடும். ஒன்றை மட்டும் எடுங்கள். உங்கள் பயிருக்கு அது எடையும் ஈரமும் என்று நினைக்கிறேன்.

களத்தில் நடப்பதை ஒரு நாள் முழுக்க நின்று பாருங்கள். மூட்டைக்கு ஒரு கிலோ சாக்குக் கழிவு என்பார்கள். இப்போது பிடிக்கும் பிளாஸ்டிக் சாக்கு நூறு கிராம் சுற்றித்தான் இருக்கும். அப்புறம் தூசிக் கழிவு. அதற்கும் மேல் ஈரம். கையில் ஒரு பிடி அள்ளி, ஒரு மணியைப் பல்லில் கடித்து, "இன்னும் ரெண்டு வெயில் காயணும்" என்று சொல்லிக் கழிப்பார்கள். அந்தப் பல் சொல்வதுதான் தீர்ப்பு, எதிர்த்துப் பேச உங்களிடம் ஒன்றும் கிடையாது. மூட்டைக்கு மொத்தம் மூன்று கிலோ கழிகிறது என்று வையுங்கள். இரண்டு ஏக்கர்க்காரருக்கு நல்ல வருடத்தில் நூறு கிலோ மூட்டை நாற்பது வரும். கழிவு 120 கிலோ. கிலோ 20 ரூபாய் என்றாலும் 2,400 ரூபாய். நாற்பது வீட்டுக்கும் சேர்த்தால் ஒரே பருவத்தில் 96,000 ரூபாய். ஒரு டிஜிட்டல் தராசும் தானிய ஈரப்பத மீட்டரும் இதில் பாதிக்குள் வாங்கிவிடலாம்.

அதை வாங்குங்கள், மானியத்துக்குக் காத்திராமல் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்டு வாங்குங்கள். சொந்தக் காசு போட்ட ஆள் கூட்டத்துக்கு வருவார், கணக்குக் கேட்பார். கோழித்தீவன ஆலைகள் பொதுவாக 14 சதவீதத்துக்கு உட்பட்ட ஈரத்தைக் கேட்பார்கள். உங்கள் களத்திலேயே மீட்டரில் பார்த்து, 16 காட்டினால் இன்னும் ஒரு நாள் காயவிட்டு, 14க்கு வந்ததும் சாக்குப் பிடிக்கலாம். நாமக்கல், பல்லடம், உடுமலைப் பக்கம் போகும் லாரி ஒன்றுக்கு இருபது டன் பிடிக்கும் என்றால் உங்களில் ஐந்தாறு பேரின் சரக்கே ஒரு லோடு. முதல் வருடம் அந்த ஒரு லோடு போதும்.

ஒன்று மட்டும் கவனம். ஆலையில் பணம் கைமேல் கிடைக்காது, சில நாள் பிடிக்கும். அதனால் யாரும் முழு விளைச்சலையும் குழுவுக்குக் கொடுக்க வேண்டாம். பாதியை வழக்கமான வியாபாரிக்கே போட்டு அவர் கடனை அடையுங்கள், பாதியைக் குழு மூலம் அனுப்புங்கள். வியாபாரியோடு பகையும் இருக்காது, இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் முடியும். அடுத்த பட்டத்துக்கு உரக்கடனை தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடனாக வாங்கப் பாருங்கள். நம் மாநிலத்தில் தவணை தேதிக்குள் கட்டினால் வட்டி இல்லை. வியாபாரியிடம் கடன் இல்லாத சம்சாரிக்குத்தான் யாரிடம் விற்பது என்ற கேள்வியே வரும்.

குழு விற்கத் தொடங்கியதும் இன்னொன்று நடக்கும். வியாபாரி அந்த வாரம் மட்டும் குவிண்டாலுக்கு ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்பார். உங்கள் ஆட்களில் பாதிப் பேர் அங்கே போவார்கள். அவர்களைத் துரோகி என்று பேசாதீர்கள், அபராதமும் போடாதீர்கள். குழு இருப்பதால்தான் அந்த ஐம்பது ரூபாய் கூடியது. ஆனால் அவர்களைத் திரும்ப வரவைக்க ஒரு வழி வேண்டும், அதை நம் பால் சங்கங்களே காட்டியிருக்கின்றன. பாலுக்குக் கொள்முதல் விலை ஒழுங்காக வந்துவிடும், வருடக் கடைசியில் ஊற்றிய லிட்டருக்கு ஏற்ப போனஸ். கென்யாவில் சிறு தேயிலை விவசாயிகளின் ஆலைகளும் இப்படித்தான்: மாதாமாதம் ஒரு தொகை, ஆண்டு முடிவில் மொத்தக் கணக்குப் பார்த்து மீதி. நீங்களும் லாபத்தை உடனே பங்கு பிரிக்காமல், குழு மூலம் போட்ட மூட்டைக் கணக்குக்கு ஏற்பச் சித்திரையில் கொடுங்கள். வெளியே விற்றவருக்கு அந்தத் தொகை இல்லை, அவ்வளவுதான். அடுத்த வருடம் அவரே வருவார்.

பால் சங்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் நாட்டில் சிறு விவசாயிகள் சேர்ந்து நடத்தும் தொழில்களில் நீண்டகாலம் தாக்குப்பிடித்திருப்பவற்றில் ஒன்று அது. 1946இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில், ஒரே ஒரு தனியார் நிறுவனம் வைத்ததுதான் விலை என்ற நிலையை எதிர்த்துப் பால் ஊற்ற மறுத்தவர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். நாளுக்கு ஏறத்தாழ 250 லிட்டரில் ஆரம்பித்துத்தான் அமுல் ஆனது. திருபுவன்தாஸ் படேல் ஊர் ஊராக நடந்து சங்கங்களைக் கட்டினார், குரியன் பின்னால் வந்து ஆலையையும் சந்தையையும் கட்டினார். நம் ஊர்ப் பால் சங்கத்தில் காலை ஆறு மணிக்குப் போய் நில்லுங்கள். வரிசையில் தூக்குவாளியோடு நிற்கும் அம்மா, அளவு ஊற்றியதும் சிறு குப்பியில் மாதிரி எடுப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். கொழுப்பு எவ்வளவு, இதர சத்து எவ்வளவு என்ற எண்ணைக் கேட்டுத் தன் அட்டையில் எழுதிய பிறகுதான் நகர்வார். முந்தின நாள் 4.5 காட்டிய மாடு இன்றைக்கு 3.9 காட்டினால் அங்கேயே சத்தம் போடுவார். எல்லோர் கண் முன்னாலும் அளவை, எல்லோருக்கும் ஒரே அளவை, தினமும். அந்தச் சங்கத்துக்கு உயிர் கொடுப்பது அந்தக் குப்பியும் அட்டையும்தான். உங்கள் மக்காச்சோளத்துக்கு மீட்டரும் ஒரு கரும்பலகையும் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

கரும்பலகை என்று சும்மா சொல்லவில்லை. லோடு போன அன்று சாயங்காலமே எழுதிப் போடுங்கள்: யார் எத்தனை மூட்டை, ஈரம் எவ்வளவு, லாரி வாடகை, ஏற்றுக்கூலி, ஆலை போட்ட எடை, விலை, கைக்கு வந்தது. மாதம் ஒரு தேதியில் வரவு செலவை ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்க வேண்டும். வாசிக்கிறவர் தலைவராக இருக்கக் கூடாது. படித்த பெண் பிள்ளைகள் ஊரில் இருப்பார்கள், அவர்களில் ஒருவரிடம் மாதச் சம்பளம் கொடுத்து ஒப்படையுங்கள். சும்மா செய்யச் சொன்னால் மூன்றாவது மாதம் நின்றுவிடும்.

கூட்டத்தை எங்கே போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். தலைவர் வீட்டுத் திண்ணையிலோ ஒரு தெருவுக்கு உரிய கோயில் மண்டபத்திலோ போட்டால், அங்கே காலெடுத்து வைக்க யோசிக்கும் தெருக்காரர்கள் வர மாட்டார்கள். வராததற்கு வேறு காரணம் சொல்வார்கள், நீங்களும் அவர்களுக்கு அக்கறை இல்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். பள்ளிக்கூடம், நூலகம், ஊராட்சிக் கட்டடம் என்று எல்லோரும் சமமாக உட்காரும் இடத்தில் போடுங்கள். ஒரே சாதிக்குள் குழு அமைத்தால் சண்டை குறையும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். லாரி நிறைய எல்லாத் தெருச் சரக்கும் வேண்டும், அதைவிட முக்கியமாக, ஊரில் யாருக்கு நிலம் குறைவோ அவர்களுக்குத்தான் இந்தக் குழு அதிகம் தேவை.

பட்டா இருப்பவர்தான் உறுப்பினர் என்ற விதி இன்னொரு வேலி. பட்டா பெரும்பாலும் ஆண் பேரில் இருக்கிறது, களை எடுப்பதும் கதிர் ஒடிப்பதும் அவர் மனைவி. வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுகிறவருக்குக் காகிதமே இல்லை. நாற்பது பேர் கொண்ட உங்கள் குழுவுக்கு எந்தச் சட்டமும் இந்த விதியைக் கட்டாயமாக்கவில்லை. உழுகிறவரைச் சேருங்கள், ஒரு வீட்டிலிருந்து கணவன் மனைவி இருவரையும் சேருங்கள். அழகர்கோவில் பக்கம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மாவைத் தெரியாதவர் மதுரையில் இருக்க மாட்டார். நிலமில்லாத கூலிக்காரர்தான் அவர். வயல் வேலைக்குப் போகும் கூலிக்காரர்களுக்குக் கொத்துத் தலைவியாக இருந்து கூலி பேசிய அனுபவத்தில் களஞ்சியம் மகளிர் சேமிப்புக் குழுக்களைக் கட்டினார். 2001இல் டெல்லியில் விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய் அவர் காலில் விழுந்து வணங்கினார், 2019இல் பத்மஸ்ரீ வந்தது. நிலம் இருப்பவருக்குத்தான் அமைப்பு நடத்தத் தெரியும் என்று யாராவது சொன்னால் அவர் பேரைச் சொல்லுங்கள்.

கூட்டுறவு பற்றிக் கேட்டீர்கள். 1890களில் சென்னை அரசு ஃபிரெடெரிக் நிக்கல்சனை அனுப்பி ஜெர்மனியின் ரைஃபைசன் கிராமக் கடன் சங்கங்களைப் பற்றி அறிக்கை வாங்கியது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது, அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் சங்கம் தொடங்கியது. ரைஃபைசன் முறையின் உயிர்நாடி, உறுப்பினர்கள் தங்கள் சேமிப்பைத் தாங்களே ஒருவருக்கொருவர் கடன் கொடுத்துக்கொள்வது. நம் சங்கங்களில் பணம் மேலிருந்து வந்தது, அதனால் அதிகாரமும் மேலேயே நின்றது. பயிர்க்கடன் தள்ளுபடிகள் 2006, 2016, 2021 என்று வந்தன. நெருக்கடியில் அவை எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றின, மறுக்கவில்லை. ஆனால் ஒழுங்காகக் கட்டியவருக்கு மனக்கசப்பும், இது நம் சங்கம் இல்லை, அரசாங்கத்துக் கடை என்ற எண்ணமும் ஊன்றிவிட்டன. 2018இல் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுக்களின் காலம் 2023இல் முடிந்ததும் அவற்றின் இடத்துக்கு அரசு அமர்த்திய தனி அலுவலர்கள் வந்தார்கள். அரசின் கூட்டுறவுப் பதிவாளருக்கு இவ்வளவு அதிகாரம் உள்ள ஏற்பாட்டில் நாற்பது பேர் புதிதாக நுழைய வேண்டுமா என்று யோசியுங்கள். கடன் வாங்க இருக்கும் சங்கத்தில் உறுப்பினராக இருங்கள், போதும்.

மேலிருந்து கட்டினால் என்ன ஆகும் என்பதற்குத் தான்சானியாதான் கடுமையான பாடம். 1967இல் நல்ல கனவோடு ஆரம்பித்த உஜமா கூட்டுக் கிராமங்கள், எழுபதுகளின் நடுவில் வற்புறுத்திக் குடியேற்றுவதாக மாறின. விவசாயிகளே கட்டிய விற்பனைக் கூட்டுறவுகளை 1976இல் அரசு கலைத்தது. சில ஆண்டுகளில் அவற்றைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. இதற்கு நேர்மாறாக, அக்தர் ஹமீது கான் இன்றைய வங்கதேசத்துக் கொமில்லாவில் 1959 முதல் வாராவாரம் கூட்டம், வாராவாரம் சிறு சேமிப்பு என்று பொறுமையாகக் கட்டினார். அந்தப் பகுதியில் நன்றாக நடந்தது. நாடு முழுக்க அவசரமாக விரித்தபோது பெரிய விவசாயிகள் பல சங்கங்களைப் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது நிறுவனம். 2002 கம்பெனிச் சட்டத் திருத்தத்தால் வந்த உற்பத்தியாளர் நிறுவனத்தை எனக்குப் பிடிக்கும். பத்து விவசாயிகள் சேர்ந்தால் பதியலாம், பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு, மேலே சொன்ன போனஸ் முறைக்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. ஆனால் 2020இல் மத்திய அரசு கொண்டுவந்த 10,000 உற்பத்தியாளர் நிறுவனங்கள் திட்டத்தில் உதவி பெற சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர்கள் வேண்டும் என்று வைத்தார்கள். நிர்வாகச் செலவுக்கு மூன்று வருடத்தில் 18 லட்சம் வரை, பங்குத் தொகைக்கு ஈடாக உறுப்பினருக்கு 2,000 வீதம் 15 லட்சம் வரை. அந்த உதவி நின்றுவிடும் நான்காவது வருடத்தை நினைத்துக் கணக்குப் போடுங்கள். மேலாளருக்கு மாதம் 25,000, கணக்கருக்கு 12,000, வாடகை, மின்சாரம், ஆடிட்டர் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 5 லட்சம். தானிய வியாபாரத்தில் இரண்டு சதவீதம் லாபம் நின்றால் அந்த 5 லட்சத்துக்கு இரண்டரைக் கோடி வியாபாரம் வேண்டும். 300 பேருக்கு வகுத்தால் ஆளுக்கு 83,000 ரூபாய்ச் சரக்கு. அதாவது இரண்டு ஏக்கர் சம்சாரி ஒருவர் நல்ல வருடத்தில் விளைவித்த மொத்த மக்காச்சோளமும், அதற்கு மேலும். மழை பொய்த்தால்? அதனால்தான் வெறும் தானியம் வாங்கி விற்பதோடு நிற்காமல், உர உரிமம், விதை உரிமம் எடுப்பதும், குதிரைவாலியை உமி நீக்கி அரிசியாக விற்பதும் தேவைப்படுகிறது. உமி நீக்குவதில்தான் காசு நிற்கும்.

பதிந்துவிட்டுத் தூங்கவும் முடியாது. அரசிடம் தாக்கல் செய்ய வேண்டிய வருடாந்திரப் படிவங்கள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் தாமதக் கட்டணம் நாளுக்கு 100 ரூபாய். ஒரு வருடம் மறந்தால் 73,000. தொடர்ந்து மூன்று வருடம் தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் ஐந்து வருடத்துக்குத் தகுதி இழப்பார்கள். இயக்குநர் என்று கையெழுத்துப் போட்ட கரிசல்காட்டுப் பெரியவருக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வட்டாரத்தில் ஏற்கெனவே ஒரு நிறுவனம் இருந்தால் தனியாகத் தொடங்காமல் அதில் நாற்பது பேரும் சேர்வதே மேல். சேரும் முன் கடைசி மூன்று வருட வரவு செலவைக் கேளுங்கள். தர மறுத்தால், நிறுவன விவகார அமைச்சகத் தளத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம்.

மல்லிகைக்காரர்களும் இதையே கேட்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. விடியும் முன் மொட்டாகப் பறித்து அன்றைக்கே மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தை சேர வேண்டிய பூவுக்கு இந்த வழி பொருந்தாது. காத்திருக்கும் சரக்கில்தான் குழுவுக்குப் பேரம் பேசப் பலம் கிடைக்கும். 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தும் தோட்டத்து விலையைக் கமிஷன் கடைதான் இன்றும் சொல்கிறது. அங்கே வண்டியைப் பொதுவாக வைப்பதும், முன்பணக் கடனிலிருந்து மீள்வதும், பூ மலிந்த மாதங்களில் வாசனை ஆலைக்குச் சேர்ந்து பேசுவதும்தான் குழு செய்யக்கூடியது. காய்கறிக்கு உழவர் சந்தை இருக்கிறது. 1999 நவம்பர் 14 அன்று முதலாவது திறந்ததே நம் மதுரை அண்ணா நகரில்தான். அடையாள அட்டை வாங்கித் தனியாகவே போய் உட்காரலாம்.

உங்களுக்கு இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆவணிக்குள் வர விருப்பமுள்ள பதினைந்து பேரை மட்டும் சேருங்கள், நாற்பதும் வர வேண்டியதில்லை. ஆளுக்கு ஆயிரம் என்றால் 15,000 சேரும், அதில் தராசை வாங்குங்கள். மீட்டரை முதல் பருவத்துக்கு வேளாண் துறை அலுவலகத்திலோ ஒத்தக்கடை வேளாண் கல்லூரியிலோ கேட்டுப் பாருங்கள், கிடைக்காவிட்டால் இன்னொரு தவணை போட்டு வாங்குங்கள். இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வங்கிக் கணக்குத் தொடங்குங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். தை பிறந்ததும் உடுமலைப் பக்கம் இரண்டு ஆலைக்கு நேரில் போய், மூன்று பேர் மாதிரியைக் காட்டி விலை கேளுங்கள். மாசியில் லோடு போன பிறகு கரும்பலகைக் கணக்கைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், நிறுவனத்தில் சேர்வதா வேண்டாமா என்பதை அதை வைத்துப் பேசலாம்.